கண்ணிருந்தும் காணாமல் போகலாமா?

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது)

விழாவுக்கு வர முடியாதவர்களும் இந்த மலரைப் புரட்டிப் படிப்பீர்கள் அல்லவா? உங்களிடமும் நேரே பேசுவதாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு வாசலிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வரையில் எத்தனை வகை மரங்கள் நிற்கின்றன? கைப்பேசியைத் தொடாமல் கொஞ்சம் யோசித்துப் பாருங்க.

இதே கேள்வியை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டேன். "செம்பனை, சார்" என்றான் ஒருவன். "வாழை" என்றாள் ஒருத்தி. அத்தோடு வகுப்பு அமைதியாகிவிட்டது. மறுநாள் காலையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பார்த்துக்கொண்டே நடந்து வரச் சொன்னேன். முருங்கை, மா, கொய்யா, வேம்பு, ரம்புத்தான், பலா, அங்சானா என்று பதினேழு வகை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரே பாதை, ஒரே கண்கள். முதல் நாள் இரண்டு மரங்கள், மறுநாள் பதினேழு! மரங்கள் ஒரே இரவில் முளைத்துவிடவில்லை. பார்வைதான் முளைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இயற்கையின் அழகு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். பனிமலை வந்தது, பளிங்கு போன்ற அருவி வந்தது, துள்ளி ஓடும் மான் வந்தது, தோகை விரித்து மயிலும் ஆடியது. பனிமலையை எங்கள் வகுப்பில் யாரும் பார்த்ததில்லை, அவர்களுடைய ஆசிரியராகிய நானும் பார்த்ததில்லை. நம்முடைய தோட்டம் மட்டும் ஒரு கட்டுரையிலும் வரவில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. வழிகாட்டி நூல்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனாலும் என் மனத்தை அது உறுத்தியது. தான் பிறந்து வளர்ந்த இடம் எழுதத் தகுதியில்லாத இடம் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், நாளைக்குத் தன் தாய் தந்தையர் செய்த வேலையும் வெளியில் சொல்லத் தகுதியில்லாதது என்று நினைக்காதா? அதனால்தான், இவ்வாண்டு எனக்குக் கிடைத்த இந்தச் சில நிமிடங்களை இதற்கே செலவிட எண்ணினேன்.

நகரங்களில் இப்போது 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற சொல் அதிகமாக அடிபடுகிறது. மனத்தை இங்கும் அங்கும் அலைய விடாமல், இந்த நேரத்தில் கண்முன் இருப்பதை முழுக் கவனத்தோடு பார்ப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். புத்த சமயத் தியானத்தில் வேர்கொண்ட இந்தப் பயிற்சியை, 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் என்பவர் நோயாளிகளுக்கான பாடமாக அமைத்துக் கொடுத்தார். 1982-இல் ஜப்பான் நாட்டு வனத்துறை, மரங்களுக்கிடையே நிதானமாக நடந்து பொழுதைக் கழிப்பதற்குக் 'காட்டுக் குளியல்' என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டி, மக்களைக் காட்டுக்கு அழைத்தது. மனத்துக்கு அமைதி வேண்டுமென்று இன்று பணம் கட்டி இவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதை நம்ம பாட்டிமாரிடம் சொன்னால் என்ன சொல்வார்கள்? "போப்பா, நாப்பது வருசம் காட்டுலதான் கிடந்தோம். எங்களைக் குளிப்பாட்டினது கொசுவும் அட்டையும்தான்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையே. அவர்கள் காட்டுக்குப் போனது அமைதி தேடி அல்ல, அரிசிக்காக. ஆனால் அந்த வேலையில் எவ்வளவு பெரிய கவனம் இருந்தது என்பதை அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாணவர்களே, கேளுங்கள். பால்மரத்தின் பட்டைக்குள்ளே பால் ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. அவை நேராக நிற்பதில்லை. சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். அப்படி வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும், அதிகமான பால் இறங்கும். ஒவ்வொரு முறையும் சீவ வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். குறைத்துச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போய்விட்டால் உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஒன்றரை மில்லிமீட்டர் எவ்வளவு என்று உங்கள் அடிக்கோலில் பாருங்கள். அதை இருட்டிலே, தலை விளக்கின் வெளிச்சத்திலே, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அளவு தவறாமல் சீவிய கை உங்கள் பாட்டியின் கை!

ஏன் விடியுமுன் போனார்கள்? இரவெல்லாம் மரம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். விடியற்காலையில் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பாலும் குறையும். இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்காமலே கடைப்பிடித்தவர்கள் நம்மவர்கள்.

பால்மரமும் நம்மைப் போலவே கடல் கடந்து வந்ததுதான். தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு மரம் அது. 1876-இல் அங்கிருந்து விதைகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குப் போயின. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்க வழி தேடினார். வெட்டிய இடத்தின் விளிம்பையே மீண்டும் மெல்லச் சீவினால் பால் முன்னைவிடக் கூடுதலாக இறங்குகிறது என்று கண்டார். ரப்பர் நடுங்கள், நடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்த அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே கேலி செய்தார்கள். 1855-இல் பிறந்து 1956-இல் மறைந்த அவர் நூறு வயது வாழ்ந்து, தம்மைக் கேலி செய்தவர்களின் சொல் பொய்யானதைக் கண்ணாரக் கண்டார். மரம் என்ன செய்கிறது என்று பொறுமையாக உற்றுப் பார்த்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

பால்மரம் பழைய கதை, இப்போது எங்கும் செம்பனைதானே என்று கேட்பீர்கள். சரி, செம்பனைக்கே வருவோம். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் நாட்டில் முதல் வாணிகத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தெனாமாரம் என்ற இடத்தில் உருவானது. அன்று தொடங்கி நீண்ட காலம், காற்றுதான் செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கிறது என்று பலரும் நம்பினார்கள். நம் நாட்டில் காய் சரியாகப் பிடிக்காததால் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் பெண்பூவில் ஊதிவிடும் வேலைக்கு ஆள் வைத்தார்கள். நம் தாய்மார்களில் மூத்தவர்கள் சிலர் அந்த வேலையைச் செய்திருக்கலாம்.

லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்டக்காரர் மலாயாவிலும் வேலை பார்த்தவர், ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டிலும் வேலை பார்த்தவர். கேமரூனில் செம்பனைப் பூக்களைச் சுற்றிச் சிறு வண்டுகள் மொய்ப்பதை அவர் பார்த்தார். அங்கே யாரும் மகரந்தம் ஊதவில்லை. ஆனாலும் குலை நிறையக் காய் பிடித்தது. அப்படியானால் இந்த வண்டுக்கு ஏதோ வேலை இருக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. பிற்பாடு பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அதை முறையாக ஆராய்ந்து, மகரந்தம் சேர்ப்பவை வண்டுகளே என்று காட்டினார். வேறு பயிருக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்த பிறகு, 1981-இல் ஜொகூர் குளுவாங்கில் அந்த வண்டுகளை விட்டார்கள். குறுகிய காலத்தில் அவை தீபகற்பம் முழுவதும் பரவின. கையால் மகரந்தம் ஊதும் வேலை நின்றது.

அந்த வண்டு இன்று நம் பள்ளி வேலிக்கு அப்பாலும் இருக்கிறது. நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். செம்பனையின் ஆண்பூ மலரும்போது சோம்பு வாசனை போல ஒரு மணம் வரும். கிட்டப் போய் நின்றால் தெரியும். அந்த மணத்துக்கு வண்டுகள் வரும், உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பெண்பூவும் அதே மணத்தை வீசும். ஏமாந்து அங்கே போகும் வண்டு மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வரும். உங்கள் அப்பா வெட்டும் ஒவ்வொரு குலையிலும் அந்தப் பூச்சியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. எத்தனையோ பேர் அந்தப் பூக்களைக் கடந்து போயிருப்பார்கள். நின்று பார்த்து, ஏன் என்று கேட்டவரால்தான் இந்த மாற்றம் வந்தது.

இனி ஆந்தைக்கு வருவோம். இரவில் கூகை கத்தினால் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சாவுச் செய்தி வரும் என்பார்கள், சிலர் கல்லெடுத்து எறிவார்கள். ஆனால் தோட்டத்தில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து அந்தக் கூகையை வளர்க்கிறார்களே, ஏன் தெரியுமா? செம்பனைப் பழத்துக்கு எலி பெரிய எதிரி. ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே அந்த உருண்டைகள் கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஆசிரியரின் முன்னிலையில் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். எத்தனை எலி என்று எண்ணலாம். ஒரு முறை எண்ணிப் பார்த்த பிள்ளை அடுத்த முறை கல்லெறிய மாட்டான். எலிக்கு வைக்கும் விஷம், அந்த எலியைத் தின்னும் கூகையையும் கொல்லக்கூடும் என்பதையும் பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

விஷம் என்றதும் மனத்தில் கனமான ஒன்று நினைவுக்கு வருகிறது. புல்லுக்கு அடிக்கும் நஞ்சை நாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்து என்றால் நோயைத் தீர்க்க வேண்டும். பாராகுவாட் எதைத் தீர்த்தது? முதுகில் தோம்பு சுமந்து அதை அடித்த நம் தாய்மார்களின் நகம் கெட்டு உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது. "வேலை அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் தங்கள் உடம்பைக் கவனித்து, வாய் திறந்து சொன்னார்கள் பல பெண்கள். 2002-இல் தெனாகானித்தா அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் அவர்களுடைய சொற்கள் பதிவாயின. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவு செய்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! கவனிப்பது என்பது பூவை ரசிப்பது மட்டும் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தன் நகத்தை உற்றுப் பார்ப்பதும் கவனிப்புத்தான். ஓடைத் தண்ணீரின் நிறம் ஏன் மாறியது, மழை பெய்தும் தவளைச் சத்தம் ஏன் இல்லை என்று கேட்பதும் கவனிப்புத்தான். கவனிக்காதவனுக்குக் கேள்வி வராது. கேள்வி வராதவனுக்கு நியாயமும் வராது.

இது நமக்குப் புதிதா? இல்லை. நிலத்துக்கே செடி கொடிகளின் பெயரை வைத்த கூட்டம் நாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களையும் அங்கே வளரும் செடி, மரம், பூவைக் கொண்டே அடையாளம் சொன்னார்கள் நம் முன்னோர். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் என்றால், யாரோ பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதி உலகுக்குச் சொன்ன தனிநாயகம் அடிகள், நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடக்கக் காரணமாக இருந்தவர். அப்படிப்பட்ட வழியில் வந்த நம் பிள்ளைகள் பனிமலையைப் பார்த்து எழுதுவானேன்? பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் சிவந்து இலையுதிர்ப்பதை எழுதட்டும். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் காய் வெயிலில் 'படீர்' என்று வெடித்துக் கொட்டை தெறிப்பதை எழுதட்டும். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்து மாணவன் கையில் சுட்டதையும் எழுதட்டும். அதற்காக நான் அடிக்க மாட்டேன்!

பெற்றோர்களே, இதனால் பரீட்சையில் மார்க் வருமா என்று நீங்கள் கேட்பது நியாயம். ஐந்து நிமிடம் ஓர் எறும்பு வரிசையைப் பார்த்து எழுதக் கற்ற பிள்ளை, கணக்கில் ஓர் எண்ணை விட்டுவிடாமலும் படிக்கக் கற்றுக்கொள்வான். கவனம் ஒன்றுதான், எறும்புக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று இரண்டு கவனம் கிடையாது. வீட்டுக்கும் இதனால் பயன் உண்டு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டைச் சுற்றி வந்து, தூக்கியெறிந்த பால் மங்கு, பூச்சட்டித் தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் அந்தக் கொசு பிறக்கவே பிறக்காது. இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். காசு செலவில்லாத காவல் இது.

நிறைவாக, மாணவர்களிடம் ஒன்றும் பெரியவர்களிடம் ஒன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களே, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மிஞ்சிய தாள்களைத் தைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் சும்மா நின்று பாருங்கள். கண்டதை மூன்றே வரியில் தேதி போட்டு எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஓராண்டில் உங்களிடம் இருக்கப்போகும் ஏடு உலகில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காது.

பெரியவர்களே, நம் பள்ளித் திடலுக்குப் பின்னால் ஏழு பால்மரங்கள் நிற்பது உங்களுக்குத் தெரியும். சுற்றியிருந்த காடெல்லாம் செம்பனையாக மாறிய பிறகு எஞ்சி நிற்பவை அவை மட்டுமே. அவற்றை வெட்டிவிட்டு மோட்டார் வண்டிகளுக்குக் கொட்டகை போடலாம் என்று ஒரு பேச்சு நடக்கிறது. கொட்டகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த மரங்களை நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும். இத்தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் அவர்கள் தங்கள் கத்தியோடு வந்து, பட்டையை எப்படிச் சீவுவது, மங்கை எங்கே கட்டுவது, காயம் படாமல் எப்படிக் காப்பது என்று எங்களுக்குக் காட்ட வேண்டும். அன்றைக்கு அவர்கள் ஆசிரியர்கள். நானும் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொள்வேன்.

நம் பிள்ளைகள் படித்து முன்னேறிப் பட்டணத்துக்குப் போகட்டும். டாக்டராகட்டும், பொறியியலாளராகட்டும். அதுதான் நம் எல்லாருடைய ஆசையும். போகும்போது, தாங்கள் எந்த மண்ணிலிருந்து போகிறோம் என்று பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தக் கண் இருந்தால், அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி வாடினாலும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மனிதர் வாடினாலும் தெரியும்.